கையெழுத்து காரைக்காலுக்கு வரட்டும்

அரசு அலுவலகங்களில் காகிதக் கோப்புகள் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. புதுச்சேரியும் ‘இ-ஆபீஸ்’ பாதையில் இருக்கிறது. 2025-ல் சட்டப்பேரவையே காகிதமில்லா அவைக்கு மாறிவிட்டது. ஆனால், காரைக்காலில் ஒரு தெருச் சாலைக்கோ உதவித்தொகைக்கோ காத்திருப்பவர் அலுவலகப் படியேறிக் கேட்டால் வரும் பதில் பழையதுதான்: “ஃபைல் பாண்டிச்சேரி போயிருக்கு.” கோப்பு பையில் போனாலும் கணினியில் போனாலும் முடிவெடுக்கும் மேசை இடம் மாறாவிட்டால், ஓர் அலுவலகத்தின் வேலைத்திறன் கூடுமா? இதைக் கேட்பதற்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை.

நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு மேசை

காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கி.மீ. பரப்புள்ள சிறு நிலம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இந்தப் பகுதி 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அது சேர்ந்த புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தலைமைச் செயலகம் சுமார் 130 கி.மீ. வடக்கே இருக்கிறது. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தின் ஊர்களைக் கடந்துதான் அங்கே போக முடியும். பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

இங்கே ஆட்சியர் இருக்கிறார். பெரும்பாலான துறைகளுக்கு துணை இயக்குநர், செயற்பொறியாளர் நிலையில் அலுவலகங்களும் உண்டு. ஒரு வரம்புக்கு மேலே போனால் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதுகிற அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.

ஒரு பள்ளிக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். காரைக்காலில் எழுத்தர் குறிப்பு எழுதுவார். கண்காணிப்பாளர் பார்ப்பார். அலுவலகத் தலைவர் பரிந்துரைப்பார். கோப்பு புதுச்சேரி இயக்குநரகத்துக்குப் போனதும் எல்லாம் மறுபடி அடியிலிருந்து தொடங்கும்: அங்கும் ஓர் எழுத்தர், ஒரு கண்காணிப்பாளர், ஒரு துணை இயக்குநர், பிறகு இயக்குநர். அதற்கு மேலே சார்புச் செயலர், செயலர். பணம் என்றால் நிதித்துறை, விதி என்றால் சட்டத்துறை. பிறகு அமைச்சர், விஷயத்தைப் பொறுத்து முதல்வர், துணைநிலை ஆளுநர். யூனியன் பிரதேசம் என்பதால் சில கோப்புகளுக்கு டெல்லி உள்துறை அமைச்சகமும் உண்டு.

இந்தப் பயணத்தில் அரசு ஊழியர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு சொல் இருக்கிறது: ‘பேசவும்’. மேலதிகாரி கோப்பின் ஓரத்தில் அந்த ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டால், கோப்பு வந்த வழியே கீழே இறங்கும். காரைக்காலில் இருந்து ஓர் அலுவலர் விளக்கம் சொல்வதற்காகக் காலைப் பேருந்தில் ஏறுவார். அன்று அந்த அதிகாரி ஆய்வுக் கூட்டத்தில் இருந்தால் அடுத்த வாரம் இன்னொரு பயணம். சந்தேகம் என்னவோ ‘மதிப்பீடு எந்த ஆண்டு விலைப்பட்டியலின்படி போடப்பட்டது?’ என்பது போன்ற, தொலைபேசியில் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகவே இருக்கும்.

ஒவ்வொரு மேசையிலும் கோப்பைப் படித்துக் குறிப்பெழுத பத்து நிமிடமோ அரை மணியோ ஆகலாம். அத்தனையையும் கூட்டினாலும் ஓரிரு நாள் வேலைக்கு மேல் வராது. எஞ்சிய வாரங்களும் மாதங்களும் கோப்பு சும்மா கிடந்த நாட்கள். வேலைத்திறனை உயர்த்துவது என்றதும் ஊழியர்களை வேகமாக எழுத வைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். எழுதுகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் மிச்சமாவது ஒரு நாள்தான். கிடக்கிற நேரத்தைத் தொட்டால் மாதங்கள் மிச்சமாகும்.

மின்கோப்பு வந்தால் பையில் கட்டிப் புதுச்சேரிக்கு அனுப்புகிற நாட்கள் குறையும். கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரியும். இவை நல்ல பலன்கள்தான். ஆனால், ஒவ்வொரு மேசையிலும் உள்ள வரிசை அப்படியே இருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: காகிதக் கோப்பைக் கூடுதலாக ஒருவருக்கு அனுப்பச் சற்றே சோம்பல் இருந்தது, கணினியில் ஒரே சொடுக்கு. ‘கருத்துக்காக’ என்று இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வைப்பது முன்னைவிட எளிதாகிவிடுகிறது.

ஃபோர்டு ஒழித்த பில்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஃபோர்டு கார் நிறுவனத்துக்கும் இதே சிக்கல் வந்தது. உதிரிபாகங்கள் தரும் நிறுவனங்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் அங்கே 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கணினி வைத்தால் 400 பேராகக் குறைக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அப்போதுதான் ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் பார்ப்பது தெரிய வந்தது. மாஸ்டா சிறிய நிறுவனம்; அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

500 பேரும் சோம்பேறிகள் அல்லர். கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான சீட்டு, சப்ளை செய்தவர் அனுப்பும் பில் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. பொருந்தாத இடத்தில் கடிதம் எழுதி, விசாரித்து, மறுபடி கடிதம் எழுதுவதில்தான் பெரும்பொழுது போனது. ஃபோர்டு பில்லையே ஒழித்தது. ஆர்டர் கணினியில் இருக்கும். சரக்கு இறங்கும் இடத்தில் நிற்கும் ஊழியர் அதைப் பார்ப்பார். பொருந்தினால் ஏற்றுக்கொள்வார், பணம் தானாகப் போகும். பொருந்தாவிட்டால் சரக்கு அங்கேயே திருப்பி அனுப்பப்படும். பிரிவின் ஆள்பலம் கால் பங்காகச் சுருங்கியது.

மைக்கேல் ஹாம்மர் 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையால் இந்தக் கதை உலகெங்கும் பரவியது. பழைய வழியைக் கணினியில் ஏற்றாதீர்கள், வேண்டாத வழியை அழித்துவிடுங்கள் என்பது அவர் வாதம். மேலாண்மைப் படிப்பில் ‘செயல்முறை மறுவடிவமைப்பு’ என்று இன்று பாடமாக இருப்பது இதுதான். ஃபோர்டில் முடிவெடுக்கும் இடம் தலைமை அலுவலகத்திலிருந்து சரக்கு இறங்கும் மேடைக்கு வந்தது. அங்கே நின்றவர் புதிதாகப் படித்து வந்தவரல்ல. அவருக்கு அதிகாரம் தரப்பட்டது, அவ்வளவே.

1993-ல் ஜேம்ஸ் சாம்பியுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில், இப்படிப்பட்ட முயற்சிகளில் 50 முதல் 70 சதவீதம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றும் ஹாம்மர் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் இந்தப் பெயரைச் சொல்லி ஆட்குறைப்பு மட்டும் செய்தன. வேலை நடக்கும் வழி அப்படியே இருந்தது. இருந்தவர்கள் தலையில் இரு மடங்கு சுமை ஏறியதுதான் மிச்சம். எனவே, சீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஊழியர் சங்கங்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

கப்பலுக்கு ஒரு கணக்கு, மனிதருக்கு ஒரு கணக்கு

காரைக்காலிலேயே வேலை நேரத்தை மணிக்கணக்கில் எண்ணும் ஓர் இடம் இருக்கிறது. வாஞ்சூர்ப் பக்கம் உள்ள துறைமுகம். மார்க் நிறுவனம் கட்டி 2009-ல் இயங்கத் தொடங்கிய இத்துறைமுகம் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு அதைக் கையகப்படுத்தியது.

ஒரு கப்பல் சரக்கை இறக்க இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தம் இருக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் உண்டு, ‘டெமரேஜ்’. அதனால், கிரேன் காத்திருக்கிறதா, ரயில் பெட்டி வரவில்லையா, கிடங்கில் இடமில்லையா என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் அங்கே கணக்கு இருக்கும். அதே மாவட்டத்தில், விதவை ஓய்வூதியத்துக்கு மனுப் போட்ட பெண்மணி ஆறு மாதம் காத்திருந்தால் அந்தக் காத்திருப்பு எந்த ஏட்டிலும் ஏறாது. அவர் மூன்று முறை வந்துபோன பேருந்துக் கட்டணமும் மூன்று நாள் கூலியும் அரசின் செலவுக் கணக்கில் இல்லை. அலுவலகத்தின் பார்வையில் தாமதம் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை யார் குறைப்பார்கள்?

எல்லையில் ஒரு படி போனது, வேறொன்று வந்தது

நாகூரிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் லாரி, காரைக்காலுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அரை மணி நேரப் பாதையில் இரண்டு மாநில எல்லைகள். 2017 ஜூலை 1-க்கு முன்னால் வணிகவரிச் சோதனைச்சாவடியில் சீட்டைக் காட்டி முத்திரை வாங்க லாரிகள் வரிசையில் நிற்கும். ஜிஎஸ்டி வந்ததும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அந்தச் சாவடிகளை எடுத்துவிட்டன. (மதுபாட்டில் கடத்தலைத் தடுக்கும் காவல் சோதனை மட்டும் நந்தலாறு, வாஞ்சூர்ப் பக்கம் தொடர்கிறது.) ஒரு படியை முழுதாக நீக்கியதன் பலன் ஓட்டுநருக்கு அன்றே தெரிந்தது.

ஆனால், புதிய முறையை வரைந்தவர்கள் பெரிய மாநிலங்களின் வரைபடத்தை வைத்து வரைந்தார்கள். காரைக்கால் கடைக்காரர் ஒருவர் நாகப்பட்டினம் மொத்த வியாபாரியிடம் 60,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால், சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு இ-வே பில் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போனால் வரம்பு 50,000 ரூபாய். அதே நாகப்பட்டினம் வியாபாரி 300 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கு 90,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பினால் அந்தச் சீட்டு வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம்.

சிறு உற்பத்தியாளர் நிலை இன்னும் கடினம். காரைக்காலில் வீட்டில் முறுக்கோ மசாலாத் தூளோ செய்யும் பெண், அதை நாகூர்க் கடைக்கு அனுப்பி விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், ஏனென்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. திருவாரூரிலிருந்து அதே கடைக்கு அனுப்புபவருக்கு ஆண்டு விற்றுமுதல் வரம்பைத் தாண்டும்வரை அந்தக் கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் பக்கத்து ஊரில் இருக்கிறார். சட்டத்தின் கண்ணுக்கு வேற்று மாநிலத்தில் இருக்கிறார். பொதுவான சீர்திருத்தம் ஒன்று பொதுவாக நன்மை செய்துகொண்டே ஓரத்தில் இருப்பவரை இப்படி இடறிவிடும்.

ரேஷன் கடை: வழியையே மூடியபோது

செயல்முறையை மாற்றுவதில் எவ்வளவு துணிச்சல் வேண்டுமோ அவ்வளவு கவனமும் வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியின் ரேஷன் கதை போதும்.

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும், தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் தொடங்கியது. காகிதத்தில் பார்த்தால் இது ஃபோர்டு செய்ததையே மிஞ்சும் சீரமைப்பு. கொள்முதல், கிடங்கு, லாரி, எடைத்தராசு, கடை, ஊழியர், கசிவு, எல்லாம் ஒரே வீச்சில் நீங்கிவிடும். பின்னர் புதுச்சேரி அரசின் இலவச அரிசிக்கும் பணம் என்றானது: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய். அரிசியா பணமா என்ற சண்டை அன்றைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே மூண்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. 2020-ல் பணத்துக்கே சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தொடக்க ஆண்டில் இந்தத் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நிதி ஆயோக்குக்காகக் கண்காணித்தார்கள். அதில் ஒரு விவரம் இந்தக் கட்டுரைக்கு மிகவும் தேவை. அரசின் ஏட்டில் பணம் போய்ச் சேராத இனங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வீடுகளில் கேட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆதாருடன் இணைந்த வேறு கணக்குக்குப் பணம் போயிருக்கும், பாஸ்புக்கில் பதிவு போட்டிருக்க மாட்டார்கள், எந்தத் தொகை எதற்கு என்று புரிந்திருக்காது. அலுவலகம் ‘அனுப்பியாயிற்று’ என்று கோப்பை முடித்தது. வாங்க வேண்டியவர் வங்கி வரிசையில் நின்றார்.

பணமே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. அதே ஆய்வில் மாதங்கள் போகப் போக அவர்கள் எண்ணிக்கை கூடியது. விரும்பிய அரிசியை விரும்பிய கடையில் வாங்கலாம் என்பது சிறிய சுதந்திரம் அல்ல. ஆனால், வெளிச்சந்தையில் சாப்பாட்டு அரிசி கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்காத நிலை வந்தபோது அந்தத் தொகை அரிசியாக மாறவில்லை. கடை ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் போராடினார்கள். கொரோனாக் காலத்தில் ஒன்றிய அரசின் இலவச அரிசி வந்து இறங்கியபோது, அதை வீடுகளுக்குச் சேர்க்கும் கடைகள் மூடிக் கிடந்தன; வேறு துறை ஊழியர்களைக் கொண்டு அவசர ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 2024 தீபாவளிக்கு முன்னால் முதல்வர் ரங்கசாமி அரசு ரேஷன் கடைகளை மறுபடி திறந்தது.

மூடியது தவறா, திறந்தது தவறா என்ற விவாதம் எப்போதும் கட்சி விவாதமாகவே முடிகிறது. என் கருத்தில் தவறு வேறிடத்தில் இருந்தது. அலுவலகத்தின் வேலை குறைந்ததை மட்டும் எண்ணினார்கள். அந்த வேலை எங்கே போய் விழுந்தது என்று பார்க்கவில்லை. கடைக்காரர் செய்த வேலையின் ஒரு பகுதியை, வங்கிக்கு நடந்த மூதாட்டி செய்தார். கவுன்டருக்கு உள்ளே ஒரு மணி நேரம் மிச்சமாகி வெளியே மூன்று மணி நேரம் கூடினால், அதைத் திறன் உயர்வு என்று எழுத முடியாது.

கவுன்டரிலேயே முடிவு

நல்ல உதாரணம் அரசுத் துறையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நிறைந்த காரைக்காலுக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். 2010-ல் தொடங்கிய பாஸ்போர்ட் சேவா திட்டத்தில், விண்ணப்பதாரர் ஏ, பி, சி என மூன்று கவுன்டர்களைக் கடக்கிறார். ஏ-யில் தனியார் நிறுவன ஊழியர் புகைப்படம், கைரேகை, ஆவண நகல்களைப் பதிவு செய்கிறார். பி-யில் அரசு அலுவலர் அசல் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். சி-யில் அனுமதி வழங்கும் அதிகாரியே உட்கார்ந்திருக்கிறார். விண்ணப்பதாரர் எதிரில் நிற்கும்போதே ‘வழங்கலாம்’, ‘இந்த ஆவணம் குறைகிறது’ என்று முடிவு சொல்லிவிடுகிறார். போலீஸ் விசாரணை மட்டும் பிறகு.

இதில் கணினியின் பங்கு பெரிது. ஆனால், எங்கோ உள் அறையில் இருந்த அதிகாரியைக் கவுன்டருக்குக் கொண்டுவந்ததுதான் ஆட்டத்தை மாற்றியது. ‘பேசவும்’ என்று எழுதத் தேவையில்லை. பேச வேண்டியவர் எதிரிலேயே நிற்கிறார்.

காரைக்கால் நிர்வாகத்துக்கும் இது தெரியாத வித்தை அல்ல. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். 2023 டிசம்பர் 20-ல் வந்ததைப் பார்த்தோம். அதற்கு முந்தைய மாதங்களில் ஆட்சியர் தலைமையில் கோயில் நிர்வாகம், காவல்துறை, பொதுப்பணி, மின்துறை, நலவழித்துறை, கொம்யூன் பஞ்சாயத்து எல்லாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். குடிநீர்த் தொட்டி எங்கே, வாகன நிறுத்தம் எங்கே, நளன் குளத்துக்கு எந்த வழி என்று அந்த அறையிலேயே முடிவாகிறது. அதே அலுவலர்கள், அதே விதிகள். கூட்டம் முடிந்து தற்காலிகத் தடுப்புக் கட்டைகளை அகற்றும்போது இந்த வேலைமுறையையும் சேர்த்தே அகற்றிவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

முதலில் அளக்க வேண்டும். காரைக்காலில் மக்கள் அதிகம் வந்துபோகும் பத்து சேவைகளை ஆட்சியர் அலுவலகம் தேர்ந்தெடுக்கட்டும்: முதியோர் ஓய்வூதியம், பட்டா மாற்றம், வீட்டு மின் இணைப்பு, கட்டட அனுமதி, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் போன்றவை. ஒவ்வொன்றிலும் சில மனுக்களை எடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பின்தொடர்ந்தால் போதும். எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எப்போது போனது, அந்த மேசையில் என்ன மாறியது? ஒன்றுமே மாறாமல் கையெழுத்து மட்டும் கூடியிருந்தால் அந்த மேசை அந்தச் சேவைக்குத் தேவையில்லை. இதற்கு ஆலோசனை நிறுவனம் வேண்டாம். மாவட்டத்தில் என்.ஐ.டி. இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, அதிகாரப் பகிர்வு. காரைக்கால் ஆட்சியருக்கும் மாவட்டத் துறைத் தலைவர்களுக்கும் நிதி, பணியாளர், அனுமதி ஆகியவற்றில் இன்றுள்ள வரம்புகளை உயர்த்தி, வரம்புக்குள் வருவதை அவர்களே முடித்து மாதம் ஒருமுறை புதுச்சேரிக்கு அறிக்கை அனுப்பும்படி அரசாணை வேண்டும். தணிக்கை பிறகு வரட்டும். தவறு நடக்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால், பன்னிரண்டு கையெழுத்து போட்ட கோப்பிலும் தவறு நடந்திருக்கிறது. அங்கே யாரைக் கேட்பது என்பதே தெரியாமல் போகிறது. ஒரே கையெழுத்து என்றால் பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகம் இருக்காது.

வரம்புக்கு மேல் போகும் கோப்புகளுக்குச் சில எளிய விதிகள் போதும். காரைக்காலில் துணை இயக்குநர் பரிந்துரைத்த கோப்பு, புதுச்சேரியில் எழுத்தர் மேசைக்கு இறங்காமல் நேரே இயக்குநருக்குப் போக வேண்டும். கேள்விகளை ஒரே தடவையில் மொத்தமாகக் கேட்க வேண்டும். ‘பேசவும்’ என்று எழுதினால் அன்றே காணொலியில் பேசி முடித்து, பேசியதைக் கோப்பில் பதிய வேண்டும். நிதித்துறையும் சட்டத்துறையும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திராமல் ஒரே நேரத்தில் பார்க்க மின்கோப்பில் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால்தான் மின்கோப்புக்குச் செலவழித்த பணத்துக்குப் பொருள்.

சான்றிதழ்கள் விஷயத்தில் இன்னும் எளிது. பிளஸ் 2 முடிவு வந்ததும் கல்லூரிச் சேர்க்கைக்கான ‘சென்டாக்’ கலந்தாய்வுக்காக இருப்பிடம், சாதி, வருமானம் என்று காரைக்கால், திருநள்ளாறு வட்டாட்சியர் அலுவலகங்களில் கூட்டம் நெரிகிறது. ஓர் அரசுத் துறை கொடுத்த விவரத்தை இன்னொரு அரசுத் துறை குடிமக்களிடமே மறுபடி கேட்கக் கூடாது. துறையே துறையிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாதவற்றுக்கு, ஜூன் கூட்டத்தைத் தவிர்க்கும்படி டிசம்பரிலேயே பள்ளி வழியாக மனு வாங்கலாம்.

ஜிஎஸ்டி மன்றத்தில் புதுச்சேரிக்கு இடம் உண்டு. வேற்று மாநிலத்தால் சூழப்பட்ட சிறு பகுதிகளுக்கு, எல்லையிலிருந்து 50 கி.மீ. தூரம்வரை இ-வே பில் வரம்பை 1 லட்சமாக்கவும், சிறு உற்பத்தியாளருக்குக் கட்டாயப் பதிவில் விலக்குக் கேட்கவும் அந்த நாற்காலி பயன்பட வேண்டும். காரைக்காலோடு மாஹேக்கும் ஏனாமுக்கும் இது பொருந்தும்.

ரேஷனில் அரிசி, பணம் என்று இரண்டையும் வைத்து, எது வேண்டும் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அட்டைதாரரே முடிவு செய்யட்டும். எதைத் தேர்ந்தாலும், ‘அனுப்பினோம்’ என்ற கணக்கோடு ‘கிடைத்ததா’ என்று மாதந்தோறும் சில வீடுகளில் கேட்டு எழுதும் கணக்கும் வேண்டும்.

ஊழியர்களைப் பற்றியும் ஒன்று. காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒருவரிடம் மூன்று இருக்கைகளின் வேலையைக் கொடுத்துவிட்டுச் சீரமைப்பு பற்றிப் பேசுவது அவர்களைக் கேலி செய்வதாகும். எந்தப் படி வீண் என்பது ஆலோசகருக்கு முன்னால் அந்த மேசையில் இருபது ஆண்டு உட்கார்ந்தவருக்குத் தெரியும். ஆட்குறைப்பு இல்லை என்ற எழுத்துபூர்வமான உறுதியைக் கொடுத்துவிட்டு அவர்களிடம் கேளுங்கள். பட்டியல் ஒரே வாரத்தில் வரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். புதிய கட்டடம் வேண்டாம். அதிகாரப் பகிர்வுக்கு ஓர் அரசாணை, மற்றவற்றுக்குச் சில சுற்றறிக்கைகள். காரைக்காலுக்குச் சட்டப்பேரவையில் ஐந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சியானாலும், அடுத்த கூட்டத்தொடரில் ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: காரைக்காலில் இருந்து கடந்த ஆண்டு புதுச்சேரிக்குப் போன கோப்புகள் எத்தனை, அவற்றில் இங்கேயே முடித்திருக்கக்கூடியவை எத்தனை? பதிலை மேசையில் வைக்கும்வரை அவையில் உட்கார வேண்டாம்.